காது உயரம்

அத்தியாயம் 17

போன வாரம் ஜமீலுன்னிசாவை வாசல் கேட்டைப் பிடித்தபடி நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேதான் நிற்கிறாள். அபிராமபுரத்தின் அந்தக் குறுகலான தெருவை அடைத்துக்கொண்டு வேன் ஒன்று நிற்கிறது. அதிலிருந்து இறங்குவது இரண்டு மரப்பெட்டிகள். பெட்டிக்கு இரண்டு ஆளாகச் சேர்ந்து மூச்சைப் பிடித்துத் தூக்கி வருகிறார்கள்.

"பாத்து நைனா, பாத்து! மூலைல இட்ச்சா கம்பெனில என் தோல உரிச்சுடுவாங்க" என்று கத்திக்கொண்டே முன்னால் வந்தவன் செம்பியன். நாற்பது வயது இருக்கும். ஸ்பீக்கரைப் பொருத்திக் கொடுக்க ஆழ்வார்பேட்டைக் கடையிலிருந்து வந்திருக்கிறான்.

மிக்ஸி ஜாரின் மூடி உடைந்து எட்டு மாதமாகிறது. ஜமீலா தட்டை வைத்து அமுக்கித்தான் சட்னி அரைக்கிறாள். அதைக் கேட்டால் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்கிற மனிதர், ஊரிலேயே உசத்தி என்று சொல்லப்படுகிற ஸ்பீக்கரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அவர்தான் இனாயத், அவள் புருஷன், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பழைய ஸ்பீக்கர் ஒரு ஜோடி அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கிறது. அதையே வருஷத்துக்கு இரண்டு தடவைதான் போடுவார்கள்.

ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "அம்பத்தாறு வயசாச்சு ஜமீலா. எனக்குன்னு ஒரு ஆசை இருக்கக் கூடாதா?"

இருக்கலாம். ஆனால் ஆசை என்பது இருமல் மாதிரி, எத்தனை அடக்கினாலும் எப்போதாவது வெளியே வந்துவிடும். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் இந்த மனிதர் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டு அவள் பார்த்ததில்லை. டீவியில் பாட்டு வந்தால் செய்திக்கு மாற்றிவிடுகிறவர்.

இதோடு போயிற்றா? மூன்று வாரமாக, செவ்வாயும் வெள்ளியும் கடையை ஆளிடம் விட்டுவிட்டு எங்கோ போகிறார். கடைக்கு போன் போட்டால் "பாய் அடையாறு பக்கம் போயிருக்காருங்க" என்கிறார்கள். வீட்டிலிருந்த பெரிய பிளாஸ்க்கைக் காணவில்லை. கேட்டதற்கு, கடையில் டீ வைத்துக்கொள்ள என்றார். நேற்று ஸ்கூட்டர் பெட்டியில் அந்த பிளாஸ்க் கிடைத்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். டீ வாசனை இல்லை, கஞ்சி வாசனை.

யாருக்குக் கஞ்சி?

அந்தக் கேள்வியோடுதான் அவள் கேட்டருகில் நின்றிருந்தாள். பெட்டிகள் அவளைத் தாண்டி உள்ளே போயின.

ஹாலில் சோபா இல்லை. "கம்பெனிக்காரன் இடம் கேட்டான்" என்று இனாயத் நேற்றே அதை உள்ளறைக்குத் தள்ளியிருந்தார். செம்பியன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஸ்பீக்கர்களை வெளியே எடுத்தான். இடுப்பைத் தாண்டி உயரம். தேக்கு நிறத்தில் வழவழவென்று இருந்தன. அவற்றைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி, லேசர் கருவியால் அளந்து, தரையில் நீல டேப் ஒட்டினான். பிறகு போனைப் பார்த்து, அறைக்கு நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

"இது எதுக்கு தம்பி?"

"கேக்குறவரு இங்கதான் இருப்பாரு மேடம். சாருக்கு வாட்ஸப்ல ஒரு ஃபாரம் அனுச்சோம், அத்த ரொப்பி குட்த்துகிறாரு. எடம் இது. காது உயரம் இருபத்தாறு இன்ச்."

"காது உயரமா?"

"ஆமா மேடம். ஒசத்தி ஸ்பீக்கரு இன்னான்னா, டார்ச் லைட்டு மாதிரி. யாரு கேக்குறாங்களோ அவுங்க காதுக்கு நேரா சாச்சு வெக்கணும். ஒரு சாண் மேல கீழ போனாக்கூட பாதி போயிடும். அதான் தரைலேந்து காது இன்னா ஒசரம்னு முன்னாலயே கேட்டு வாங்கிக்குவோம்."

அவன் ஸ்பீக்கரின் அடியில் ஆணி போன்ற கால்களைத் திருகத் தொடங்கினான். ஜமீலா சத்தமில்லாமல் உள்ளே போய், தையல் மிஷின் மேல் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்தாள். சோபாவில் உட்கார்ந்து, டேப்பின் நுனியைக் கால் பெருவிரலால் தரையில் அழுத்திக்கொண்டு, காதுவரை இழுத்துப் பார்த்தாள்.

நாற்பத்தொன்று.

இனாயத் அவளைவிட நல்ல உயரம். தரையில் உட்கார்ந்தால் இருபத்தாறு வரலாம். ஆனால் முட்டி வலியால் அவர் தொழுகையே நாற்காலியில்தான். தரையில் உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

அப்படியானால் இந்த ஸ்பீக்கர் அவருக்கு இல்லை. அவளுக்கும் இல்லை. குட்டி நாற்காலியில் உட்கார்கிற ஒரு குழந்தைக்கு வேண்டுமானால் இருபத்தாறு சரியாக இருக்கும். குழந்தை, கஞ்சி, அடையாறு என்று மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள் ஜமீலா: இவருக்கு இன்னொரு குடும்பம். இத்தனை வயசுக்கு மேல் இதையும் பார்க்க வேண்டுமா என்று சோபாவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஃபிசா நினைவுக்கு வந்தாள். இருபத்திரண்டு வயசு மகள். தி.நகரில் ஒரு துணிக்கடையின் ஆன்லைன் பிரிவில் வேலை. இன்றைக்குக் காரணம் சொல்லாமல் லீவு போட்டிருக்கிறாள். அத்தனை பெரிய பெட்டி இரண்டு வீட்டுக்குள் வந்தும், "இது எதுக்கும்மா?" என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாதாரணமாக ஒரு கொரியர் கவர் வந்தால்கூட நான்கு கேள்வி கேட்கிற பெண்.

ஜமீலா அவளை சமையலறைக்கு இழுத்து வந்து கதவைச் சாத்தினாள்.

"யாருக்குடி இருபத்தாறு இன்ச்?"

"எனக்கென்னம்மா தெரியும்?"

"உங்கத்தா தரையில உக்கார மாட்டார். நான் உக்காந்தா நாப்பத்தொண்ணு, உனக்கும் அதேதான். எந்த வீட்டுக் கொழந்தடி இங்க வரப்போகுது? மறைக்காம சொல்லு, நான் தாங்கிக்குவேன்."

"கொழந்தையா?" ஃபிசா சிரித்தே விட்டாள். சிரித்த வேகத்திலேயே அவள் கண் கலங்கியது. "கொழந்தை இல்லம்மா. படுத்துட்டு இருக்குற ஆளு. கட்டில்ல படுத்தா காது அந்த உயரத்துக்குத்தான் வரும்."

"யாரு?"

"பெரியத்தா."

ஜமீலாவின் கையிலிருந்த டேப் கீழே விழுந்தது.

இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி இருபத்துநாலு வருஷமாகிறது. அப்துல் சமத், இனாயத்தின் அண்ணன். வடபழனியில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் முப்பது வருஷம் ரெக்கார்டிஸ்ட்டாக இருந்தவர். கல்யாணமாகி வந்த புதிதில், அடுப்படியில் ஜமீலா முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "இந்தக் குரலை வெச்சுக்கிட்டா நீ வெங்காயம் நறுக்கிட்டு இருக்கே?" என்று தியேட்டருக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். ட்ராக் பாட வைத்தார். ட்ராக் என்றால், ஷூட்டிங்குக்காக ஒருத்தி பாடி வைப்பாள், பிறகு பெயர் பெற்ற பாடகி வந்து அதே பாட்டைப் பாடிக் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் ஒரு பாட்டுக்கு மட்டும் மியூசிக் டைரக்டர் தலையை ஆட்டி, "இந்தக் குரலே இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தார். ஜமீலா சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள். படம் வந்தது. இருபது பேரைக் கூட்டிக்கொண்டு தியேட்டரில் போய் உட்கார்ந்தாள். பாட்டு வந்தது. குரல் வேறு யாருடையதோ.

அண்ணன்தான் மியூசிக் டைரக்டரிடம் போய், "எங்க வீட்டுப் பொண்ணு குரல் படத்துல வேணாம்" என்று சொன்னாராம். இனாயத் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். ஜமீலாவின் கண்ணீரைத் தன் கைக்குட்டையால் துடைத்து, "இனிமே அந்த ஆள் இந்த வாசப்படி மிதிக்க மாட்டான்" என்று சத்தியமும் செய்தார். சமத் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டிக்கொண்டு போனவரே ஏன் வெட்டிவிட வேண்டும் என்பது மட்டும் அவளுக்கு இன்றுவரை விளங்கவே இல்லை. அன்றோடு அவள் அடுப்படியில்கூடப் பாடுவதை நிறுத்திவிட்டாள்.

"தொண்டையில வந்துடுச்சும்மா" என்றாள் ஃபிசா. "அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி குரல் பெட்டியையே எடுத்துட்டாங்க. இப்ப எலும்புல இறங்கிடுச்சாம். இனிமே வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டாங்க. அவரு இருக்குறது வடபழனியில மூணாவது மாடி, லிஃப்ட்டும் இல்ல, ஆளும் இல்ல. அத்தா இங்க கூட்டிட்டு வராரு. நாலு மணிக்கு ஆம்புலன்ஸ்."

"இன்னிக்கா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?"

"கேட்டா நீ வேணாம்ப."

"ஆமா, வேணாம்தான்! இந்த ஸ்பீக்கர் கூத்து எதுக்கு? சீக்காளிக்கு மருந்து வாங்குவாங்க, பாட்டுப் பெட்டியா வாங்குவாங்க?"

"பெரியத்தா கேட்டாரும்மா. சிலேட்டுல எழுதித்தான் பேசுறாரு. மாடல் பேரைக்கூட அவரே எழுதிக் காட்டினாரு. அத்தா சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாம்னு எவ்வளவோ சொன்னாரு, அவரு ஒத்துக்கல. 'பழசுல பாதிதான் கேக்கும்'னு எழுதினாரு. அதுல போடுறதுக்கு ஒரு பென்டிரைவும் அவரே குடுத்தாரு."

சாகக் கிடக்கிற நேரத்தில் என்ன சவடால் என்று ஜமீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. சமத் எதையும் காரணமில்லாமல் கேட்கிற மனிதர் இல்லை. அவருக்கு இங்கே என்ன வேலை? அவள் குரலை எடுத்தது போதாதென்று அவள் வீட்டு ஹாலையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாரா?

"கேட்டுக்க ஃபிசா. நாலு மணிக்கு நான் கேட்டைப் பூட்டிடுவேன். அண்ணனும் தம்பியும் ஆம்புலன்ஸ்லயே குடித்தனம் பண்ணட்டும்."

ஹாலிலிருந்து செம்பியனின் குரல் வந்தது. "மேடம்! ஃபிட்டிங் முட்ச்சிட்டேன். சாரு ஒரு பென்டிரைவ் குட்த்துகிறாரு, அத்தப் போட்டுத்தான் செக் பண்ணணும்னாரு. போடறேன்."

போட்டான்.

வீணையும் தபலாவுமாகச் சின்ன முன்னிசை. அதற்குப் பின் ஒரு பெண் குரல். முதல் வரி சமையலறைக்குள் வந்து சேர்ந்தபோது ஜமீலா கதவைத் திறந்துகொண்டிருந்தாள். யார் பாடுவது என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. தன் குரல் தனக்குத் தெரியாமல் போய்விடுமா?

அழித்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

"யாராச்சும் கொஞ்சம் அந்த எடத்துல பட்த்துக் கேட்டு சொல்லணும் மேடம். நான் நின்னுகினு கேட்டா சரியா வராது." ஃபிசா அதற்குள் உள்ளறையில் ஒளித்து வைத்திருந்த மடக்குக் கட்டிலைக் கொண்டு வந்து பெருக்கல் குறியின் மேல் விரித்துவிட்டாள்.

சமத்துக்கென்று போட்ட கட்டில். அதில் போய்ப் படுப்பதாவது! ஆனால் பாட்டு இழுத்தது. ஜமீலா உட்கார்ந்தாள், பிறகு மெல்லச் சாய்ந்தாள். காது அந்த உயரத்துக்கு இறங்கியதும் ஹால் மாறிவிட்டது. பாட்டு பெட்டியிலிருந்து வரவில்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, வெறும் சுவர் இருக்கிற இடத்தில், இருபத்தைந்து வயசு ஜமீலா நின்று பாடிக்கொண்டிருந்தாள். சரணத்துக்கு முன்னால் அவள் மூச்சு இழுத்தது கேட்டது. கழற்றச் சொல்லியும் மறந்துபோன ஒற்றைக் கண்ணாடி வளையல் எங்கோ இடித்து, கிணிங் என்றது.

"அம்மா, இது நீயா?" ஃபிசா கட்டிலோரம் மண்டியிட்டாள். "நீ பாடுவியா? இவ்வளவு நல்லாவா?"

ஜமீலா அந்தச் சுவரையே பார்த்தபடி அழுதாள். இவ்வளவு நல்ல குரலையா வேண்டாம் என்றார்கள் என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை.

பாட்டு முடிந்தது. செம்பியன் நிறுத்தக் கையை நீட்டினான். ஜமீலா விரலைத் தூக்கி அவனைத் தடுத்தாள். ஏனென்றால் பாட்டு முடிந்தும் ஏதோ இருந்தது. டேப்பின் இரைச்சல். கதவு திறந்து மூடுகிற ஓசை. அதற்கும் பின்னால், எறும்பு ஊர்வது போல, பேச்சு.

"யாரோ பேசறாங்க மேடம்" என்றான் செம்பியன். "பழைய டேப்புல இப்பிடி வரும். பாடுனவங்க ஹெட்போனைக் கழட்டி மைக்கு பக்கத்துல மாட்டிட்டு வெளிய பூட்டாங்கன்னா, கண்ணாடிக்கு அந்தாண்ட ரெக்கார்டிங் ரூம்ல பேசறது ஹெட்போன்ல வந்து, மைக்குல லேசா ஏறிக்கும். சாதா ஸ்பீக்கர்ல இது வெறும் இரைச்சல்தான். சாரும் கடைல சின்ன ஸ்பீக்கர்ல போட்டு பாத்தேன்னுதான் சொன்னாரு, அவுருக்கு பாட்டு மட்டும்தான் கேட்டுருக்கும்."

"மறுபடி போடு தம்பி. சவுண்டை ஏத்து."

அவன் ஏற்றினான். இப்போது பேச்சு தெளிவாக வந்தது. முதலில் சமத்தின் குரல். குரல் பெட்டி இருந்த நாளின் கணீர்க் குரல்.

"டேய் இனாயத், தங்கமா பாடியிருக்காடா. இதையே வெச்சுக்கறேன்னுட்டார் டைரக்டர்."

"வேணாம்ண்ணே."

அந்தக் குரலை அவள் தினமும் கேட்கிறாள். இன்று காலைகூட அது "டீ போடு ஜமீலா" என்றது.

"வேணாம்ண்ணே. இவ குரல் வெளிய போச்சுன்னா, அப்புறம் இவ எனக்கு இல்ல. நீங்க எடுக்கச் சொன்னதா இருக்கட்டும். என் பேரு வரக் கூடாது. எனக்காக இதை மட்டும் செஞ்சிடுங்க."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு சமத், மிகவும் மெதுவாக, "சரி" என்றார். டேப் நின்றது.

ஃபிசா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஜமீலாவுக்கு அந்த மதியம் ஞாபகம் வந்தது. பாடி முடித்து வெளியே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இனாயத் கண்ணாடி அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்து, பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். அப்படியானால் கைக்குட்டை? சத்தியம்? எல்லாமே நடிப்பா?

செம்பியன் பென்டிரைவைக் கழற்றினான். "தப்பா எட்த்துக்காதீங்க மேடம். இத்த டேப்லேந்து ஏத்துனது தொழில் தெரிஞ்ச ஆளு. பாட்டு முட்ச்சதும் கட் பண்றது அவுருக்கு ஒரு நிமிச வேல. பண்ணல. வேணும்னே வுட்டு வெச்சா மாதிரி கீது."

சமத் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார். பேச முடிந்த இருபது சொச்ச வருஷமும் தம்பிக்காக வாயைத் திறக்காத மனிதர், பேச்சு போன பிறகு இந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்து, அதைத் தம்பியின் கையாலேயே வாங்க வைத்திருக்கிறார். ஜமீலாவுக்கு ஒரே நேரத்தில் அவர் மேல் இரக்கமும் கோபமும் வந்தது. இத்தனை நாள் ஏன் பொறுத்தீர்கள் என்று உலுக்க வேண்டும் போலிருந்தது.

தெருவில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. மணி இன்னும் நாலு ஆகவில்லை.

கேட்டைப் பூட்டுவதற்கு ஆணியில் தொங்கிய சாவியை அவள் தொடவே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். அதில் கிடந்தவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கழுத்தில் கட்டு, நெஞ்சின் மேல் ஒரு சிலேட்டு, இரண்டு பெரிய கண்கள். அவ்வளவுதான் மிச்சம் இருந்தார் அப்துல் சமத்.

இனாயத் அவளைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜமீலா, திட்டறதா இருந்தா அப்புறம் திட்டு. எனக்கு வேற வழி தெரியல. அண்ணன் அன்னிக்கு உனக்குச் செஞ்சது தப்புதான், நான் இல்லேங்கல. அல்லாவுக்காக அவரை மன்னிச்சுடு. எல்லாத்தையும் மறந்துடு."

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜமீலா புருஷனின் பிடியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்து, இருபத்துநாலு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாகப் பேசினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், மச்சான். உள்ள வாங்க. உங்க தம்பி குடுத்த பாட்டை முழுசா கேட்டுட்டேன். பாட்டுக்கு அப்புறம் இருந்ததையும் கேட்டேன்."

சமத் கண்ணைத் திறந்தார். கை நெஞ்சுக்குப் போனது.

"பாத்துத் தூக்குங்கப்பா, படி இருக்கு" என்றாள் அவள் ஆட்களிடம். ஸ்ட்ரெச்சர் வாசப்படி ஏறியது. பின்னாலேயே இனாயத் ஒரு காலை எடுத்து வைத்தார். ஜமீலா குறுக்கே வந்து நின்றாள்.

"நீங்க இருங்க."

"என்ன ஜமீலா?"

"என் குரலை யாரு எடுக்கச் சொன்னதுன்னு உங்க வாயால சொல்லிட்டு உள்ள வாங்க."

இனாயத் வாசப்படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்தார். பழக்க தோஷம், அவர் கண் நேராக அண்ணனைத் தேடிப் போனது. எந்த இக்கட்டிலும் முன்னால் வந்து நிற்கிற அண்ணன். சமத் தம்பியை ஒரு கணம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.